தர்சோ பாருக்குப் பட்டம் விடப் போற பேராண்டிக்கு

போலே, பட்டம் இழுக்கப் பலகையில நின்னு கடல்ல சறுக்கத் தாராளமாப் போ. நான் குறுக்க விழுந்து தடுப்பேன்னு நெனச்சு உங்கம்மா என்னக் கூப்புட்டு நடுவீட்டுல உக்கார வச்சிருக்கா. பாவம், அவளுக்கு இன்னும் அப்பன் குணம் பிடிபடல. பேரன் ஒரு காரியத்துக்குக் கெளம்புறப்ப வாசல மறிச்சு நிக்கிற கெழவன் நான் இல்ல. காரியம் சுத்தமா முடியுறதுக்கு நாலு யோசனை சொல்லி அனுப்புறதோட என் வேலை முடிஞ்சுது.

பையத் தொறந்து பாத்தேன். மூணு பட்டம், ஒரு பலகை, ரப்பர்ச் சட்டை, ரப்பர்க் கையுறை, ரப்பர்த் தொப்பி, நெஞ்சுல மாட்ட ஒரு கேமரா, தலையில மாட்ட இன்னொரு கேமரா. ஒரு பட்டத்தோட விலைக்கு நம்ம ஊர்ல வள்ளத்துக்குப் பழைய எஞ்சினு ஒண்ணு வாங்கலாம்னு உன் தங்கச்சி கணக்குப் போட்டுச் சொன்னா. நல்லா இருக்கு ராசா. கேமராவுக்கு மாத்து பேட்டரி எடுத்து வச்சிருக்க. உனக்கு மாத்துத் துணி எடுத்து வைக்கல. சரி, எது முக்கியம்னு உனக்குத் தெரியாமலா இருக்கும்.

எனக்கு என்ன தெரியும்? பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டுன காலத்து ஆளு. ஸ்காட்லாந்துல இந்த இன்வர்னஸ் குளுருல கம்பளிக்குள்ள சுருண்டு கெடக்கேன். உங்கம்மா ஒருக்க தர்சோவுக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கன ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்துல மீன்பெட்டிப் பக்கம் ரெண்டு கெழவன்மாரு நின்னானுவ. அவனுவ இங்கிலீசு எனக்கு வெளங்கல, என் தமிழு அவனுவளுக்கு வெளங்கல. கடலக் கையக் காட்டி மூணு பேரும் தலைய ஆட்டிக்கிட்டோம். பேச வேண்டியது எல்லாம் அதுலயே முடிஞ்சு போச்சு.

மொத யோசனை, எடத்தப் பத்தி. தர்சோவுலேருந்து கெழக்க கொஞ்ச தூரத்துல டன்னட் விரிகுடா இருக்கு. மூணு கிலோமீட்டருக்கு மேல சுத்த மணலு. பட்டத்த விரிச்சுப் போட எடம், விழுந்தா ஒடம்புக்கு மெத்து, மேக்குக் காத்து அடிச்சா ஆளக் கரைக்கே கொண்டு வந்து தள்ளும். அதுனால அங்கன போகவே போகாத. அங்கன சின்னப் புள்ளைங்க மணல் வீடு கட்டும், நாயி ஓடும், ஒனக்குக் கௌரவக் கொறச்சல். நீ நேரே தர்சோ ஆத்து முகத்துக்குக் கெழக்க, அந்த இடிஞ்ச கோட்டைக்குக் கீழ இருக்குற பாருக்குப் போ.

பார்னா பாரு, அப்பேர்ப்பட்ட பாரு. நம்ம கடல்ல பார்ங்கிறது தண்ணிக்கு அடியில கெடக்கும், மேல மீனு மேயும். இங்கன அது தட்டுத்தட்டா, வெட்டி அடுக்கி வச்ச பலகக் கல்லு. மொத்தக் கெய்த்னெஸ் சீமையே இந்தக் கல்லு மேல தான் உக்காந்திருக்கு. போன நூத்தாண்டுக்கு முந்துன நூத்தாண்டுல இதை வெட்டிக் கப்பல்ல ஏத்தி ஊரு ஊரா நடபாதை போட அனுப்புனானுவளாம். வடக்கேருந்து வாற பேரலை இந்தத் தட்டுக் கல்லுல ஏறி, வலப் பக்கமாச் சுருட்டிக்கிட்டே போகும். 1981-லயே ஐரோப்பாக்காரனுவ அலைச்சறுக்குப் போட்டி வச்ச எடம். 2006-லேருந்து கொஞ்ச வருசம் ஒலகத்துப் பெரிய ஆட்டக்காரனெல்லாம் வந்து வெறைச்சுட்டுப் போயிருக்கானுவ. ஆத்துத் தண்ணி கரிச்சேத்து நெலத்துல ஊறி வாறதால கடலே அங்கன கட்டஞ்சாயாக் கணக்கா இருக்கும். அடியில கல்லு எத்தன அடியில கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. அதுவும் ஒரு சௌகரியம் தான், தெரிஞ்சா பயம் வரும்.

அந்தக் கல்லுக்கு வயசு ஏறத்தாழ 38 கோடி வருசமாம். அந்தக் காலத்துல அது ஒரு பெரிய ஏரியோட அடிச்சேறு. செத்து விழுந்த மீனெல்லாம் செதிலு கலையாம கல்லுக்குள்ள அப்படியே இருக்கு. தர்சோவுல ராபர்ட் டிக்குனு ஒரு ரொட்டி சுடுற மனுசன், 1866-ல செத்துப்போனாரு. ராத்திரியெல்லாம் மாவு பெசஞ்சு, விடிஞ்சதும் சுத்தியல எடுத்துக்கிட்டு இந்தக் கரையில நடந்து, கல்ல ஒடைச்சு மீனு மீனா எடுத்துப் பெரிய படிப்புக்காரங்களுக்குக் குடுத்தாராம். எனக்கு அந்த ஆள ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அம்புட்டுக் கோடி வருசமா ஒரு மீனப் பத்திரமா வச்சிருக்க கல்லு, ஒன்னைய மட்டும் விட்டுருமா? வச்சுக்கிடும். ஒரு நாளு எவனாவது சுத்தியலோட வருவான்.

ரெண்டாவது, காத்து. இதுல தான் ராசா நான் ஒனக்கு நல்ல சூட்சுமம் சொல்லப் போறேன். நாளைக்குத் தெக்குக் காத்துன்னு போன்ல போட்டிருக்கானாமே, அருமை. அந்தக் கரை வடக்கப் பாத்த கரை. தெக்குக் காத்து நெலத்துலேருந்து கடலுக்கு அடிக்கும். நம்ம ஊருல கச்சான் அடிக்குறப்ப பாத்திருக்கேல்லா, கரையோரம் கடலு எண்ணெய் தடவுன கணக்கா வழுவழுன்னு கெடக்கும். புதுசா வந்தவன் ‘ஆகா, கடலு தூங்குது’ம்பான். அப்படித் தூங்குற கடல நம்பிப் போன மரத்தை எல்லாம் தேடிப் போன கதை ஒங்க பாட்டிக்கிட்ட கேக்கணும், சொல்லி முடிக்க ஒரு ராத்திரி போதாது. அலைச்சறுக்கு ஆடுறவனுக்கு அந்தக் காத்து சொகம், அலைய நிமித்திப் பிடிச்சுக் குடுக்கும். அவன் கையில பாய் இல்ல. ஒனக்கு இடுப்புல கொக்கி, கொக்கியில பட்டம், பட்டத்துல காத்து. எந்தப் பக்கம் இழுக்கும்?

வடக்க ஓர்க்னித் தீவுக்கு இழுக்கும். ஸ்க்ராப்ஸ்டர்லேருந்து ஓர்க்னிக்குப் பெரிய கப்பல்ல போனா ஒண்ணரை மணி நேரம், டிக்கெட்டுக் காசு வேற. நீ ஓசியிலயே போகலாம். போற வழியில ஹாய் தீவ ஒட்டி 137 மீட்டர் ஒசரத்துல ஒத்தைக் கல்லு ஒண்ணு கடலுக்குள்ள நிக்குது. அதுக்கு ‘ஹாய் கெழவன்’னு தான் பேரு வச்சிருக்கானுவ. இந்தக் கெழவன் பேச்சக் கேக்காதவன் அந்தக் கெழவனப் போயிப் பாத்துக்கிடலாம், அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்.

பாத்துட்டு அங்கனயே நின்னுரலாம்னு நெனக்காத. தர்சோக் கரைக்கும் ஓர்க்னிக்கும் நடுவுல ஓடுறது பென்ட்லண்ட் நீரிணை. ஒரு பக்கம் அட்லாண்டிக்கு, மறு பக்கம் வடகடல். ரெண்டும் ஒரே நேரத்துல ஏறி எறங்காது. அந்த வித்தியாசம் முழுசும் அந்த இடுக்கு வழியாத் தான் போயாகணும். சில எடத்துல நீரோட்டம் மணிக்கு 12 கடல் மைலுக்கும் மேல ஓடும். நம்ம வள்ளத்து எஞ்சினு முழு மூச்சுல ஓடுனாலும் அதுல நின்ன எடத்துலயே நிக்கும். அந்த ஓட்டத்த வச்சுக் கரண்டு எடுக்க 2016-லேருந்து கடலடியில காத்தாடி நட்டு வச்சிருக்கானுவ. அம்புட்டு வேகத்த ஒருத்தன் பலகையில நின்னு சமாளிச்சுருவான்னா, அவனுவ காசப் போட்டு எஞ்சினு எறக்கியிருக்க வேண்டாம், ஒன்னையவே வேலைக்கு வச்சிருக்கலாம்.

மூணாவது, பட்டம் எது. பெரியத எடு, 12 மீட்டரு. புதுசு வேற, போட்டோவுல நிறம் நல்லா விழும். காத்து கொஞ்சம் கூடுனா என்ன ஆகும்னு கேக்காத. மணிக்கு 15 கடல் மைல் வேகத்துல அடிக்கிற காத்து 30 கடல் மைலுக்கு ஏறுனா இழுவை ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். இன்னொண்ணு, குளுந்த காத்துக்குக் கனம் ஜாஸ்தி. ராமேஸ்வரத்துல போயி நீ படிச்சியே, அந்தச் சூட்டுக் காத்த விட இந்தக் காத்து நூத்துக்கு எட்டு ஒம்பது பங்கு கனம். போன்ல ஒரே நம்பரத் தான் காட்டும், தோளு மட்டும் வேற கணக்குச் சொல்லும். அதோட அந்தக் கோட்டைச் சுவரும் கரை மேடும் தெக்குக் காத்த ஒடைச்சு ஒடைச்சு அனுப்பும். ஒரு மூச்சு செத்த காத்து, மறு மூச்சு சாட்டையடி. மூக்கணாங்கயிறு அறுத்துக்கிட்ட காளையோட வாலத் தன் இடுப்புல முடிஞ்சுக்கிட்டு வேடிக்கை பாக்க நிக்கிறவன் ஒருத்தன் உண்டுன்னா, அது நீ தான்.

பட்டத்துல கடலத் தாண்டுனவன் இல்லாமலா போனான்? கோடின்னு ஒரு அமெரிக்கக் கூத்தாடி, 1903-லயே பட்டத்தக் கட்டி இழுத்த படகுல இங்கிலீசுக் கால்வாயத் தாண்டி டோவருக்கு வந்திருக்கான். அந்த வித்தையில பாதி வானத்துல பறந்துது, மீதிப் பாதி கரையில காத்துக்குக் காத்துக் கெடந்ததுல இருந்துது. பெறவு 1984-ல பிரான்சுல லெகெய்ன்யூன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, காத்தடைச்ச பட்டத்துக்குக் காப்புரிமை வாங்குனாங்க. அவங்க தல ஒடைச்சுக்கிட்டது ஒசரப் பறக்க வைக்க இல்ல, தண்ணியில விழுந்த பட்டம் மறுபடி எழும்பணுமேன்னு தான். ரொம்ப வருசத்துக்கு யாரும் வாங்கல. விழுறதப் பத்தி மொதல்ல யோசிச்சவன் சரக்கு எந்தக் காலத்துல ஒடனே வித்துருக்கு?

குளுரு பத்திச் சொல்லவா? நம்ம ஊர்ல பங்குனி வெயிலு மண்டையப் பொளக்கும். இங்கன பங்குனியில தான் கடலு வருசத்துலயே ரொம்பக் குளுந்து கெடக்கும், ஆறு ஏழு டிகிரி. ஆடி ஆவணியில தலைகீழா நின்னாலும் பதிமூணத் தாண்ட யோசிக்கும். அந்தத் தண்ணியில விழுந்தவனுக்கு வைத்தியக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. மொத ஒரு நிமிசம் மூச்சு ஒன் பேச்சக் கேக்காது, தானா ‘ஹக்’னு இழுக்கும், அந்த நேரத்துல வாயி தண்ணிக்குள்ள இருந்தா முடிஞ்சுது. அடுத்த பத்து நிமிசம் கை வெரலு ஒன் பேச்சக் கேக்கும். அதுக்கு மேல கேக்காது. ஒரு மணி நேரத்துல நெனைப்பு தப்பும். ரப்பர்ச் சட்டை இருந்தா இந்தக் கணக்கு நீளும், மாறாது.

சட்டை நல்ல சட்டை தான், கொற சொல்லல. 1950-கள்ல கலிஃபோர்னியாவுல ஹ்யூ பிராட்னர்னு ஒரு பௌதிகக்காரரு கண்டுபிடிச்சது. அதுக்கு முந்தி அவரு அணுகுண்டு செய்யுற எடத்துல வேலை பாத்தவரு. மனுசன் மூளை ஒரு கையில ஊரக் கொளுத்தும், மறு கையில ஒருத்தனுக்குக் குளுரு அண்டாமப் பாத்துக்கிடும். ஆனா அந்தக் கையுறையப் போட்டுக்கிட்டு இடுப்புக் கொக்கிய ஒரு தட்டுல கழட்ட முடியுதான்னு வீட்டுல பாத்தியா? பாக்காத. கையுறை தடியா இருக்கும், கை மரத்துப் போயிருக்கும், கயிறு இரும்பாட்டம் விறைச்சு நிக்கும், அப்பம் கடல்லயே மொத மொதப் பழகிக்கிடலாம். கயிறுன்னு லேசா நெனச்சுராத, ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது, இருநூறு கிலோவுக்கு மேல தாங்கும். நம்ம மெட்ராசுல மாஞ்சா நூலுக்கே போலீசு வருது. அது வெரல்ல ஒரு சுத்து சுத்துனா வெரல மறந்துர வேண்டியது தான்.

பட்டம் விழுந்து எழும்பலன்னா என்ன செய்யணும்? கொக்கியக் கழட்டி இழுவையச் சாகடி. கயிறக் கம்புல சுத்திக்கிட்டே பட்டத்துக்கிட்டப் போ. சிக்கு விழாம, தளரவிடாமச் சுத்தணும், வலை வாரிச் சுத்துனவன் பேரன் ஒனக்கு அது சொல்லித் தரணுமா. பட்டத்தோட ஓரத்தப் பிடிச்சு அதையே பாயாக்கிக் கரைக்கு வந்துரலாம். காத்து கரைப் பக்கம் அடிச்சாத் தான். தெக்குக் காத்துல அந்தப் பாயும் ஹாய் கெழவன் வீட்டுக்குத் தான் கூட்டிட்டுப் போகும்.

வழித்தொணைக்கு ஆளு வேணுமா? சாம்பல் கடல்நாயி அந்தக் கரை முழுக்க உண்டு. கறுப்பு ரப்பருக்குள்ள நீ தலைய மட்டும் நீட்டிக்கிட்டு மெதந்தா சொந்தக்காரன்னு பக்கத்துல வரும். கோடை தொடங்குற மாசத்துல அந்தக் கடல்நாயத் தின்ன ஓர்க்கா திமிங்கிலம் கூட்டமா வரும். கடல்ல அது மனுசனக் கொன்னதாக் கணக்கு இல்லன்னு உன் தங்கச்சி படிச்சுக் காட்டுனா. மேக்க டூன்ரேயில பழைய அணு உலை ஒண்ணு இருக்கு, மூடி ரொம்ப வருசமாச்சு. அதுலேருந்து சிந்துன துகளு கடலடியில கெடக்குன்னு 1997-லேருந்து அதோட கழிவுநீர்க் குழாய் வாயச் சுத்தி ரெண்டு கிலோமீட்டருக்கு மீன்பிடிக்கத் தடை. கூடங்குளத்துப் பக்கத்து ஊருக்காரன் நான், இதப் பத்திப் பேச ஆரம்பிச்சா நீ கெளம்பின மாதிரி தான். வேண்டாம்.

இனி கடைசிச் சங்கதி. இதுல எனக்குக் கொஞ்சம் கோவம் உண்டு, அதனால நையாண்டி கொறையும். தனியாப் போறேன்னு சொல்லுத. யாருக்கும் எத்தன மணிக்குத் திரும்புவேன்னு சொல்லல. போன கார்லயே வச்சுட்டுப் போவ. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வாறது யாருன்னு தெரியுமா? ஸ்க்ராப்ஸ்டர்ல நிக்குற ஆர்.என்.எல்.ஐ. காப்புப் படகு. 1824-ல தொடங்குன சங்கம் அது, ஊரு ஒலகம் போடுற காசுல நடக்குது. படகுல ஏறுற ஆளுங்கள்ல பெரும்பாலும் சம்பளம் வாங்காதவங்க. மீன் பிடிக்கிறவன், தச்சன், கடை வச்சிருக்கவன். இடுப்புல ஒரு பெட்டி கத்தும், சோத்துத் தட்ட விட்டுட்டு ஓடுவான். அவன் பொண்டாட்டி ஜன்னல்ல நிப்பா. அவளுக்கும் ஒன் கேமராவுக்கும் என்ன சம்மந்தம்? நம்ம ஊருல ஒருத்தன் திரும்பலன்னா ஊரு மொத்தமும் வள்ளத்த எறக்கும். போனவனத் திட்டிக்கிட்டே தான் எறக்கும். அந்தத் திட்டு அங்கனயும் உண்டு, மனசுக்குள்ள வச்சிருப்பானுவ, வெள்ளக்காரன் வெளிய சொல்ல மாட்டான்.

இன்னொரு கொடுமை கேளு. நீ தப்பிச்சு நீந்திக் கரையேறிருவ, பட்டம் மட்டும் போயிரும். சலிப்புல காரத் திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வந்து சூடாக் குளிப்ப. அந்தப் பட்டத்த ஒரு கப்பல்காரன் பாப்பான். பட்டம் இருக்கு, ஆளக் காணும். ராத்திரி பூராவும் படகும் ஹெலிகாப்டரும் ஒன் பிணத்தத் தேடும், நீ போர்வைக்குள்ள வீடியோ வெட்டிக்கிட்டு இருப்ப. அதனால பட்டம் போனா ஒடனே 999 அடிச்சுக் கோஸ்ட்கார்டக் கேளு, ‘பட்டம் தான் போச்சு, ஆளு நான் இருக்கேன்’னு சொல்லு. வெக்கப்படாத. பட்டத்துலயும் பலகையிலயும் பேரும் போன் நம்பரும் எழுதி வை, அவனுவளுக்கு ஒரு போன் அடிச்சா வேலை முடிஞ்சுது.

நாளைக்குத் தெக்குக் காத்து, தர்சோ பாரு வேண்டாம். சும்மா நின்னு பாத்துட்டு வா, அலைச்சறுக்கு ஆடுற பயலுவ ஆடட்டும், அவனுவ வரிசையில பட்டத்தக் கொண்டு போயி நுழைக்குறதும் மரியாதை இல்ல. ஞாயித்துக்கெழம மேக்குக்குத் திரும்பும்னு போட்டிருக்கானாம், அன்னைக்கு டன்னட் மணலுக்குப் போ, ஒம்பது மீட்டர எடு. கரையில மணியப் பாத்துக்கிட்டு ஒரு ஆளு இருக்கணும், அதுக்கு நான் வாரேன். கார்ல முன் சீட்டு எனக்கு, பலகையப் பின்னாடி போடு. இப்பம் அந்த மேசையில கறுப்பு மை மார்க்கர் இருக்கு, மூணு பட்டத்துலயும் நம்பர எழுதிட்டுச் சாப்புட வா.